பலகை ஏறும் சிறுமிகள்: ஸ்கேட்போர்டு குறும்படங்கள் சொல்வது என்ன?

2020 பிப்ரவரியில் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு, சிறந்த பிரிட்டிஷ் குறும்படம் என்ற பிரிவில் ஐந்து படங்கள் போட்டியிட்டன. அவற்றில் இரண்டு, ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமிகளைப் பற்றியவை. ஒன்று காபூலில் எடுக்கப்பட்டது, மற்றொன்று நம் மாமல்லபுரத்தில். காபூல் படம் பாஃப்டாவை வென்றது. ஒரு வாரம் கழித்து, சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது.

நான்கு சக்கரம் வைத்த ஒரு பலகையில் அப்படி என்ன இருக்கிறது? இந்தப் படங்களைப் பார்க்க விரும்புவோருக்கு, அவை எப்படிப்பட்டவை, எதைச் சொல்கின்றன, பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம் என்று எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆவணக் குறும்படம் என்றால்?

நடிகர்கள் இல்லாமல், நிஜ மனிதர்களின் நிஜ வாழ்க்கையைப் படம்பிடிப்பது ஆவணப்படம். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடங்களுக்குள் அடங்கினால் அது குறும்படம். காபூல் படம் அந்த எல்லையை ஒட்டி முடிகிறது. மாமல்லபுரத்துப் படமான ‘கமலி’ அரை மணி நேரம்கூட ஓடாது.

இந்தச் சின்ன அளவுக்குள் ஒரு நாட்டின் போர் வரலாற்றையெல்லாம் சொல்லிவிட முடியாது. அதனால் இயக்குநர் ஒரு வகுப்பறைக்குள், ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். யார் பேசுகிறார்கள், யார் பேசத் தயங்குகிறார்கள், யாருக்கு முதலில் வாய்ப்பு கிடைக்கிறது என்பதெல்லாம் அங்கே துல்லியமாகத் தெரிகின்றன.

ஏன் ஸ்கேட்போர்டு?

1950களில் கலிபோர்னியாவில் அலை இல்லாத நாட்களில் தரையிலேயே சறுக்கிப் பார்க்கலாம் என்று அலைச்சறுக்கு இளைஞர்கள் பலகைக்குச் சக்கரம் மாட்டினார்கள். அங்கிருந்து தொடங்கிய இந்த விளையாட்டுக்கு அணி வேண்டாம், நடுவர் வேண்டாம். ஒரே பலகையில் பத்துப் பிள்ளைகள் முறைவைத்து ஏறலாம்.

அதிலுள்ள அடிப்படை வித்தை ஒன்றைப் பாருங்கள். ‘ஆலி’ என்பார்கள். பின்காலால் பலகையின் வால்பகுதியை ஓங்கி மிதிக்க வேண்டும். அது தரையில் பட்டு எழும் நொடியில் முன்காலைப் பலகைமேல் உரசியபடி முன்னே இழுக்க வேண்டும். கையால் தொடாமலே பலகை காலோடு சேர்ந்து மேலே கிளம்பும். சொல்ல இரண்டு வரிதான், கைகூட மாதக்கணக்காகும். விழாமல் கற்றவர் யாரும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளையும் விழும், ஏழை வீட்டுப் பிள்ளையும் விழும். எழுந்து மறுபடி ஏறுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேமராவுக்கு இதைவிட நேர்மையான காட்சி கிடைப்பது அரிது.

காபூல் வகுப்பறை

2007இல் ஆஸ்திரேலியரான ஆலிவர் பெர்கோவிச் காபூலுக்குப் பலகைகளோடு போனார். தெருவில் அவர் ஓட்டியபோது பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள், சிறுமிகளும் வந்தார்கள். பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் முகம் சுளிக்கும் ஊர் அது. ஆனால் ஸ்கேட்போர்டு அங்கே புத்தம் புதிது. அது ஆண்களுடைய விளையாட்டு என்று சொல்லிவைக்க யாருக்கும் அதுவரை நேரம் வாய்க்கவில்லை. அந்த இடைவெளி வழியாகச் சிறுமிகள் உள்ளே வந்துவிட்டார்கள். இதிலிருந்து பிறந்த ‘ஸ்கேட்டிஸ்தான்’ அமைப்பு, 2009இல் காபூலில் உள்ளரங்கத்தோடு ஒரு பள்ளியைத் திறந்தது.

கேரல் டைசிங்கர் இயக்கிய படம் அந்தப் பள்ளியில்தான் நடக்கிறது. ‘போர்க்களத்தில் ஸ்கேட்போர்டு கற்பது, நீ பெண்ணாக இருந்தால்’ என்பது அதன் நீண்ட தலைப்பின் பொருள். ஏழை வீட்டுச் சிறுமிகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள், பிறகு முக்காட்டின்மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பலகை ஏறுகிறார்கள். கையைத் தூக்கிப் பதில் சொல்வதும் எழுந்து கரும்பலகைக்கு வருவதும் அங்கே பாடத்தின் பகுதி. சரிவின் உச்சியில் நின்று கீழே பார்க்கும் பயமும், வகுப்பில் வாய் திறக்கும் பயமும் ஒன்றுதான் என்பது படத்தைப் பார்க்கப் பார்க்கப் புரியும்.

அங்கே செய்யப்பட்டிருந்த ஏற்பாடுகளைக் கவனியுங்கள். சிறுமிகளுக்குத் தனி நாட்கள். கற்றுத்தர பெண்கள். வெளியாள் பார்வை படாத அரங்கம். வீட்டிலிருந்து அழைத்துவர வண்டி. ‘எல்லாரும் வரலாம்’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தால் இந்தச் சிறுமிகளில் ஒருத்திகூட வந்திருக்க மாட்டாள். எது தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கியதால் வந்தார்கள்.

மாமல்லபுரத்துக் கமலி

வெள்ளைக் கவுன் போட்டு, வெறுங்காலோடு சரிவில் இறங்கும் ஒரு சின்னப் பெண்ணின் படத்தை அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் ஜேமி தாமஸ் எடுத்தார். அந்த விளையாட்டின் பெரும்புள்ளியான டோனி ஹாக் அதைப் பகிர, மீனவக் குப்பத்துக் கமலி உலகுக்குத் தெரியவந்தாள்.

சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ மகளோடு தாயையும் பின்தொடர்கிறது. பிள்ளைகளைத் தனியாக நின்று வளர்ப்பவர் சுகந்தி. தனக்குக் கிடைக்காத விடுதலை மகளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைக்கிறார். மகள் சரிவில் பறக்கக் கற்கும் காலத்தில், தாய் தன் மனக்காயம் ஆற யாத்திரை புறப்படுகிறார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று நாலு பேர் கேட்பார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு தாய் நின்றார். பிற்பாடு கமலி கடலிலும் இறங்கி, தேசிய அலைச்சறுக்குப் போட்டிகளில் வெல்லும் வீராங்கனை ஆனார்.

வேறு சில இடங்கள்

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு கிராமம். ஜெர்மானியரான உல்ரிக்கே ரைன்ஹார்ட் 2015இல் அங்கே ஒரு ஸ்கேட் பார்க் கட்டினார். இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பலகை முதலில் பெண் பிள்ளைகளுக்கு. பலகையைக் கையில் வைத்திருக்கும் பையன், சிறுமி வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் ஓட்டினார்கள்.

பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் ‘இமில்லாஸ்கேட்’ என்ற பெண்கள் குழு, பாட்டிமார் உடுத்திய அகலமான பாவாடையும் தொப்பியுமாகச் சறுக்குகிறது. பழங்குடிப் பெண்களை இளப்பமாகப் பார்க்க வைத்த அதே உடையை அவர்கள் பெருமையோடு உடுத்துகிறார்கள். அமெரிக்காவின் மிஷிகனில் டான் மான்சினா, விழித்திரை நோயால் பார்வை இழந்தவர். ஒரு கையில் வெள்ளைக் கோலை நீட்டி விளிம்பைத் தடவி அறிந்து பலகையோடு எம்புகிறார். இவர்களைப் பற்றியும் சிறு ஆவணப்படங்கள் வந்திருக்கின்றன.

இது சோறு போடுமா?

கோலமோ கேரமோ புறா வளர்ப்போ, மனசுக்குப் பிடித்த எதைச் செய்தாலும் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. பெரும்பாலும் போடாது. காபூல் சிறுமிகள் யாரும் பதக்கத்துக்காகப் பலகை ஏறவில்லை. ஆனால் நேற்று வராதது இன்று வந்தது என்று ஒரு பிள்ளை தானாகவே அறிந்துகொள்வதற்குத் தனி மதிப்பு உண்டு. மதிப்பெண் போட ஆசிரியர் வேண்டும், பாராட்ட ஊர் வேண்டும். பலகை எழும்பியதா இல்லையா என்பதைச் சொல்ல யாரும் தேவையில்லை. என்னால் முடியும் என்பது காதில் கேட்ட அறிவுரையாக இல்லாமல் உடம்பே கண்டுகொண்ட உண்மையாகிறது. அன்றாடம் செய்யும் ஒன்றில் வாழ்க்கைக்குப் பொருள் கிடைக்கிறது என்று சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதை இனிப்பாக மட்டும் சொல்லி முடிக்க முடியாது. ஆஸ்கர் கிடைத்து ஒன்றரை ஆண்டில், 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கக் கூடாது என்றாகிவிட்டது. விருது வாங்கிய படத்தால் அந்த வகுப்பறையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தச் சிறுமிகள் கை தூக்கிப் பதில் சொன்னார்கள் என்பதற்கு அது சாட்சியாக இருக்கிறது. ஒருமுறை கொடுத்த இடம் தானாக நிலைக்காது, காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் இன்று அது சேர்த்துச் சொல்கிறது.

எப்படிப் பார்ப்பது?

வித்தைகளை மட்டும் பார்க்காமல், பலகை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். விழுந்தவரிடம் அருகில் நிற்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை அங்கே வந்து சேர வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது.

பிறகு அதே கேள்விகளை நம் தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம். மாலையில் மைதானம் யாருடையது? பெண் பிள்ளைகள் எத்தனை வயதில் அங்கிருந்து காணாமல் போகிறார்கள்? சக்கர நாற்காலி நுழைய அங்கே வழி இருக்கிறதா? பதில் சங்கடம் தந்தால், காபூலிலும் ஜன்வாரிலும் செய்தது போல ஒரு தனி நேரமோ ஒரு விதியோ வைத்துத் தொடங்கலாம், நாற்காலிக்கு ஒரு சரிவுப் பாதை போட்டும் தொடங்கலாம். அதற்கு ஸ்கேட்போர்டு வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை.