பொருள் சொல்லும் எச்டிஎம்எல்

இணையப் பக்கத்தில் எது தலைப்பு, எது பட்டியல், எது பொத்தான் என்பதை உலாவிக்குத் தெரிவிப்பவை எச்டிஎம்எல்லின் பொருள்சார் குறிகள். எழுத்தின் அளவு, நிறம், இடம் ஆகியவற்றைச் சிஎஸ்எஸ் கவனித்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் முதல் பாடம்.

மேற்கு லண்டனின் வெஸ்ட் ஈலிங்கில், சேப்பல் சாலையில் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையில் அதன் தேர் வீதியுலா வரும். அந்தத் திருவிழாவுக்கு ஓர் அறிவிப்புப் பக்கத்தை ஒருவர் பயிற்சிக்காக எழுதுகிறார் என்று கொள்வோம். தொடக்கநிலையில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் 'டிவ்' குறிக்குள் போட்டு, வேண்டிய இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள். பார்க்கப் பக்கம் அழகாகவே இருக்கும். ஆனால் டிவ்வுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும் பார்வையற்ற பக்தருக்கு அது தொடக்கமும் பிரிவும் தெரியாத ஒரே நீண்ட உரை.

அதே பக்கத்தில் திருவிழாவின் பெயரை 'எச்1' குறிக்குள்ளும், பூசை நேரம், தேர் செல்லும் வழி, அன்னதானம் ஆகியவற்றை 'எச்2' குறிக்குள்ளும் வைத்தால் நிலைமை மாறிவிடும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் 'எச்' விசையைத் தட்டத் தட்ட, தலைப்புகளாகத் தாவி அன்னதானப் பகுதிக்கே போய்விடலாம். எழுத்து சிறிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக எச்1-க்கு அடுத்து எச்4 போடுவது தவறு. இடையில் ஏதோ விடுபட்டதாகக் கேட்பவர் நினைப்பார்.

வழிசெலுத்தும் இணைப்புகளுக்கு 'நாவ்', முதன்மை உள்ளடக்கத்துக்கு 'மெயின்', அடிப்பகுதிக்கு 'ஃபுட்டர்' என்று குறிகள் உண்டு. கூகுள் 2005-இல் நூறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை ஆராய்ந்தபோது, வடிவமைப்பாளர்கள் தாங்களாகவே வைத்த வகுப்புப் பெயர்களில் ஃபுட்டரும் நாவும் முன்வரிசையில் இருந்தன. அவை எச்டிஎம்எல்5-இல் முறையான குறிகளாயின. அந்தத் தரம் 2014 அக்டோபரில் இறுதி வடிவம் பெற்றது.

பொத்தானில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். டிவ்வுக்கு நிறம் பூசிப் பொத்தான்போல் காட்டினால் சுட்டியால் சொடுக்கலாம். ஆனால் டேப் விசை அதில் நிற்காது, என்டர் விசைக்கும் அது அசையாது. 'பட்டன்' குறியில் இவை இரண்டும் கூடவே வருகின்றன. கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க முடியாதவருக்கு இது பெரிய உதவி.

தமிழில் எழுதுவோர் மறக்கவே கூடாதது 'லாங்' பண்பு. பக்கத்தின் மொழி தமிழ் என்று அதில் குறித்தால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளும். இடையில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்குத் தனியாக லாங் தரவேண்டும். வார்ப்புருவில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலக் குறிப்பை மாற்றாமல் விட்டால், தமிழ் வரிகள் ஆங்கிலக் குரலிடம் போய்ச் சிதையும். சில வேளை வாசிக்கப்படாமலே போகும்.

பிரிட்டனில் இப்படி எழுதுவதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த அணுகல்தன்மை விதிகளின்படி, ஈலிங் நகராட்சி போன்ற பொது அமைப்புகளின் தளங்கள் டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மைத் தரத்தின் ஏஏ நிலையை எட்டவேண்டும். தலைப்பைத் தலைப்பாகவே குறிப்பதும் பக்கத்தின் மொழியைச் சொல்வதும் அதற்கும் கீழான ஏ நிலையிலேயே கட்டாயம். எழுதிய பக்கத்தைச் சோதிக்க எளிய வழி இரண்டு: சிஎஸ்எஸ்ஸை நீக்கிவிட்டுப் படித்துப் பார்ப்பது, சுட்டியைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் பக்கம் முழுவதையும் கடந்து பார்ப்பது.