பழைய லேண்ட்ரோவரின் பிரேக் ஏன் இறுகிக்கொள்கிறது?

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் மூட்டை சுமக்கின்றன. இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி மலையிலிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது இழக்கும் ஈர்ப்பு நிலை ஆற்றல் 2,000 × 10 × 1,000, அதாவது 20 மில்லியன் ஜூல். ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். எஞ்சினும் காற்றுத் தடையும் ஒரு பங்கை ஏற்கும். மீதி பிரேக்கில் வெப்பமாகிறது.

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது காலிப்பர். இது பாஸ்கல் கோட்பாட்டின்படி இயங்குகிறது. 4 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனை 800 நியூட்டன் விசையால் தள்ளினால், பிரேக் எண்ணெயில் சதுர செ.மீ.க்கு 200 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். காலிப்பர் பிஸ்டனின் பரப்பு 12 சதுர செ.மீ. என்றால், அங்கே 2,400 நியூட்டன் விசை கிடைக்கும்.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? அங்கே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் நகரும்போது சீல் சற்றே வளைகிறது. அழுத்தம் குறைந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. இதுவே மீள்தன்மை.

ஆண்டுகள் பல கடந்தால் ரப்பர் கெட்டிப்படும். சேறும் நீரும் புகுந்து பிஸ்டன் துருப்பிடிக்கும். அப்போது பிரேக் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே சூடாகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 பாகை வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். வாயு அமுங்கக்கூடியது, அதனால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

இதற்குத் தீர்வு காலிப்பரைப் பிரித்துப் புதுப்பிப்பது. வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. வண்டியை ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தாமல், உறுதியான தாங்கிகள் மீது நிறுத்த வேண்டும். பழைய பிரேக் கட்டைகளின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பிஸ்டனை வெளியே தள்ளக் காற்றழுத்தம் பயன்படுத்துவார்கள். சதுர செ.மீ.க்கு 60 நியூட்டன் அழுத்தம் கொடுத்தாலே, 12 சதுர செ.மீ. பிஸ்டன் மீது 720 நியூட்டன் விசை விழும். விரல் நசுங்க அது போதும். ஆகவே குறைந்த அழுத்தம், எதிரே ஒரு மரக்கட்டை, தள்ளி வைத்த கைகள் ஆகிய மூன்றும் அவசியம்.

துருவால் குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்து மீண்டும் போடக்கூடாது. புதிதாக மாற்ற வேண்டும். சீல் அமரும் பள்ளத்தில் துரு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். புதிய சீலுக்குப் புதிய பிரேக் எண்ணெயைத் தடவலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் ஆகியவை படக்கூடாது. அவற்றால் அந்த ரப்பர் ஊதிவிடும்.

பூட்டியபின் குழாயிலுள்ள காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். பெடல் கல்போல் உறுதியாக இருக்கிறதா, அதை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, எங்கும் கசிவு இல்லையா என்று பாருங்கள். சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்தபிறகே மலைப்பாதைக்குப் போகலாம். மாணவர்களே, இந்த வேலையை அனுபவமுள்ள பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே தொடுங்கள்.