ஊராட்சித் தலைவரை எதை வைத்து எடை போடுவது?

திருச்சி பெல் (BHEL) ஆலையின் குடியிருப்பான கைலாசபுரத்தில் இருக்கிறவரை தெருவிளக்கு, குடிநீர் எல்லாவற்றையும் பெல் நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். ரிட்டயர் ஆகி, திருவெறும்பூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் மனை வாங்கி வீடு கட்டிய பிறகுதான் பலருக்கும் ஊராட்சி என்று ஒன்று இருப்பதே உறைக்கிறது. அதன் தலைவர் நேர்மையானவரா, தொலைநோக்கு உள்ளவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையைப் பாருங்கள். 1996 முதல் 10 ஆண்டுகள் அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் மின்கட்டணம் ஊராட்சி வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் சூரிய விளக்குகள் வைத்தார்கள். விறகுக் கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டினார்கள். 2006-இல் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை. உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவி, மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்தார்கள். ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சியது வருமானமானது.

எல்லோரும் காற்றாலையைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் போட்ட பணம். மொத்தச் செலவு சுமார் 1.55 கோடி ரூபாய்; அதில் ஏறத்தாழ 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். வரிப்பணம் கசியாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஒரு சிற்றூர் இப்படி வங்கி வாசலில் நிற்க முடியும். இன்னொன்று: சண்முகத்தின் பதவிக்காலம் முடிந்ததும் அதே 2006-இல்தான். கடன் தீர்ந்து முழுப் பலன் கிடைப்பது அடுத்து வருகிறவர் காலத்தில் என்று தெரிந்தே செய்த காரியம் அது.

உங்கள் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 கூட்டம். வரவு செலவை வாய்விட்டு வாசிக்கிறார்களா, பயனாளிகள் பட்டியலைச் சபையில் வைக்கிறார்களா என்று கவனியுங்கள். தீர்மான நோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டிய பிறகு போடுங்கள். 2025 ஜனவரியில் திருச்சி உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத நாளிலும் கிராம சபை உண்டு, கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

ஒரு வேலையை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். உங்கள் பெயர் இன்னும் கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் முகவரியிலேயே இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.