கேட்புக்குள் வராத கட்டடங்கள்

மாநில அரசின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்கு 10 சதவீதப் பங்கு வந்து சேர்கிறது. அந்தப் பங்கு கூடினாலும் குறைந்தாலும், ஒரு பேரூராட்சி தன் ஊரில் தானே ஈட்டும் வருவாயில் முதன்மையானவை சொத்து வரியும் தொழில் வரியும்தான். மார்ச் மாதம் பிறந்ததும் எல்லா ஊர்களிலும் ஒரே பரபரப்பு. விடுமுறை நாளிலும் வரி வசூல் மையம் திறந்திருக்கும், ஆட்டோவில் ஒலிபெருக்கி சுற்றிவரும், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்ற அறிவிப்பு ஒட்டப்படும். மாத முடிவில் எத்தனை சதவீதம் வசூலானது என்று பட்டியல் போட்டுப் பாராட்டுவார்கள் அல்லது கண்டிப்பார்கள். இந்தச் சதவீதத்தை வைத்து ஓர் உள்ளாட்சியை மதிப்பிடுவது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். 100 சதவீதம் வசூலித்த பேரூராட்சிகூட, தனக்கு வரவேண்டியதில் பாதியைத் தொடாமலே விட்டிருக்கக்கூடும்.

காரணம் எளிது. வரிக் கணக்கில் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டங்கள் உண்டு. கேட்பில், அதாவது வரவேண்டியது என்று எழுதப்பட்ட தொகையில், எவ்வளவு வந்தது என்பதுதான் வசூல் சதவீதம். கேட்பில் ஏறாத கட்டடம் நிலுவையிலும் வராது. அந்தக் கட்டடத்துக்காக எந்த அலுவலரையும் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 2016-17ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் ஆராய்ந்தது. அந்த நகரங்களில் சொத்து வரியாகக் கிடைக்கக்கூடிய தொகையில் 5 முதல் 20 சதவீதம் வரைதான் உண்மையில் கிடைக்கிறது என்று அது கணக்கிட்டது. வரி கட்டாமல் ஏமாற்றுபவர்கள் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது. இவ்வளவு பெரிய இடைவெளி விழ வேண்டுமானால் பதிவேட்டிலேயே ஓட்டை இருந்தாக வேண்டும்.

பெருமாநல்லூரிலிருந்து கோபி செல்லும் சாலையில் இருக்கும் குன்னத்தூர் போன்ற ஒரு பேரூராட்சியில் அந்த ஓட்டை எப்படி விழுகிறது என்று பார்ப்போம். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரின் வேலை திருப்பூருக்குள் மட்டும் நடப்பதில்லை. தைப்பதும் செக்கிங் செய்வதும் அயர்ன் போடுவதும் பேக்கிங் செய்வதும் ஜாப் ஒர்க்காகச் சுற்றுவட்டாரச் சாலைகள் நெடுகப் பரவியிருக்கின்றன. வீட்டின் கீழ்த்தளம், பழைய தறிக்கூடம், தோட்டத்து ஓரம் போட்ட தகரக் கொட்டகை என எல்லாமே இன்று தொழில் இடங்கள். ஒருவர் வீடு கட்டும்போது வரி போடச் சொல்லித் தாமே பேரூராட்சிக்கு வருகிறார். மின் இணைப்புக்கும் வங்கிக் கடனுக்கும் வரி ரசீது தேவைப்படுவதே காரணம். அஞ்சாறு வருஷம் கழித்துக் கீழே பத்துப் பவர் டேபிள் மெஷின் போட்டு, மேலே ஒரு மாடியும் எழுப்பும்போது அவருக்குப் புதிய ரசீது எதற்கும் தேவைப்படுவதில்லை. வரி போட வரச் செய்த காரணம் அந்த இரண்டாம் தடவை இல்லாமல் போகிறது. பதிவேட்டில் அந்தக் கட்டடம் பழைய சதுர அடியோடு குடியிருப்பாகவே நிற்கிறது. அவர் அந்த வரியை ஏப்ரலிலேயே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகையும் பெறலாம், நேர்மையான வரிதாரராக வசூல் கணக்கிலும் சேர்ந்துவிடலாம்.

இந்த ஓட்டையை அடைக்காமல் வரி விகிதத்தை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2022ஆம் ஆண்டின் சீராய்வே சான்று. சென்னை நீங்கலான ஊர்களில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வந்தது. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 75 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் 1,000 சதுர அடியில் இரண்டு தையல் கூடங்கள். ஒன்று தொழிற்கூடமாகப் பதிவாகி 2,000 ரூபாய் கட்டிவந்தது, மற்றது வீடாகப் பதிவாகி 500 ரூபாய் கட்டிவந்தது என்று வைத்துக்கொள்வோம். உயர்வுக்குப் பின் முதலாமவர் 3,500 கட்டுகிறார், இரண்டாமவர் 750 கட்டுகிறார். 1,500 ரூபாயாக இருந்த வித்தியாசம் 2,750 ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னவர் மேல் சுமை கூடிக்கொண்டே போகிறது. அதன்பின் வந்த ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வும் இதே வழியில்தான் விழுகிறது. இந்த நிலையில் கடையடைப்பு, மறியல் என்று எதிர்ப்பு கிளம்பினால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

விகிதத்தை நிர்ணயிப்பது யார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. சென்னை தவிர்த்த நகரங்களில் 2008க்குப் பிறகு பத்தாண்டுகள் சொத்து வரி சீராய்வே இல்லை. 2018இல் ஒரே தடவையில் பெரிய உயர்வு வந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்திருந்தபோது அது நிறுத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல் நடந்தது, ஏப்ரல் பிறந்தபோது மறுபடியும் உயர்வு. பதினைந்தாவது நிதிக் குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளர வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. நிபந்தனையில் நியாயம் உண்டு, பத்தாண்டு தூங்கிவிட்டு ஒரேயடியாக ஏற்றுவதைவிடச் சிறுகச் சிறுக ஏற்றுவது நல்லதும்கூட. ஆனால் அப்போதுதான் பதவியேற்றிருந்த மன்றங்கள் மேலிருந்து வந்த விகிதத்துக்குத் தீர்மானம் போட்டுத் தந்தன, அவ்வளவே. தான் முடிவு செய்யாத வரிக்காக ஒரு வார்டு உறுப்பினர் தன் தெருவில் நின்று வாதாட மாட்டார். எந்தக் கட்டடம் எந்த வகை, எத்தனை சதுர அடி என்ற பதிவேடு அப்படியானதல்ல. அதைச் சரிசெய்ய மேலிடத்து ஆணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் மன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்டிப்பாக வசூலித்தாலே போதும், கேட்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலர்கள் சொல்வதுண்டு. சீல் வைப்பதாலும் பெயர்ப் பட்டியல் வெளியிடுவதாலும் பழைய நிலுவை வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு முழுக்கப் பதிவேட்டில் இருப்பவர்மேல்தான் பாய்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு தொழில்காரர்களிடமிருந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. பெரிய கம்பெனி தும்மினால் ஜாப் ஒர்க் எடுப்பவருக்குக் காய்ச்சல். அவரைப் போய் வீட்டு வரியிலிருந்து தொழிற்கூட வரிக்கு மாற்றுவது நியாயமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இதற்கு விடை மின்வாரியத்திலேயே இருக்கிறது. குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் அங்கே தனிக் கட்டணப் பிரிவு உண்டு, விசைத்தறிக்கு இன்னொன்று உண்டு. 2023இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டாக அரசு உயர்த்தியது. அந்தச் சலுகை இருக்கும்போது தறிக்காரர்கள் தங்கள் தொழிலை மறைக்கக் காரணமில்லை. சொத்து வரியிலும் சிறு தொழிற்கூடத்துக்கு என்று வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு விகிதம் இருந்தால், உண்மையைச் சொல்பவருக்கு நட்டம் குறையும், பேரூராட்சிக்கும் கணக்கு நேராகும். அந்தச் சலுகை தருவது மாநில அரசின் கையில் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டியது மன்றங்களின் பொறுப்பு.

தொழில் வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை விதிக்கக் கூடாது என்கிறது. 1988இல் வைத்த அந்த உச்சவரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே உச்ச அளவு. மாதம் 15,000 சம்பாதிக்கும் டெய்லரும் கோடிகளில் வியாபாரம் செய்பவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆசிரியர், வங்கி ஊழியர் போன்றோரின் சம்பளத்தில் அது தானாகப் பிடிக்கப்பட்டுவிடுகிறது. பெயர்ப்பலகை இல்லாத கூடங்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. சொத்து வரிப் பதிவேடு சரியானால் இந்தப் பட்டியலும் தானாகச் சரியாகும், ஏனென்றால் இரண்டுக்கும் முகவரி ஒன்றுதான்.

‘வரி கட்டி என்ன கண்டோம், சாக்கடை அப்படியே கிடக்கிறதே’ என்ற குரலே எல்லாவற்றிலும் வலுவானது. கட்டிவந்தவர்கள் கேட்கும்போது அதற்குச் சமாதானம் சொல்ல வழியில்லை. மறு அளவீடு என்றதும் பயம் வருவதும் இதனால்தான். கோவையில் ட்ரோன் பறக்கவிட்டுக் கட்டடங்களை அளக்கத் தொடங்கியபோது கடும் எதிர்ப்பு வந்து, வேலை நிறுத்திவைக்கப்பட்டது. வானத்திலிருந்து அளந்து கையில் பில்லைக் கொடுத்தால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள், அளக்க வருபவர் கை நீட்டுவார் என்ற சந்தேகமும் இருக்கும். ஆகவே பேரூராட்சி செய்ய வேண்டியது வேறு. வார்டுவாரியாக ஒவ்வொரு கட்டடத்தின் வகையையும் சதுர அடியையும் அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். தவறாக இருப்பதைத் தாமே திருத்திக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் தரட்டும், அந்தக் காலத்தில் பழைய பாக்கியும் அபராதமும் கேட்க வேண்டாம். அதன் பிறகு மின்வாரியத்தின் இணைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, வீடு என்று வரி கட்டிக்கொண்டு தொழில் இணைப்பு வைத்திருக்கும் கட்டடங்களுக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பட்டும். கூடுதலாக வந்த பணம் எந்த வார்டிலிருந்து எவ்வளவு, அது எந்த வேலைக்குப் போனது என்பதை அதே பலகையில் எழுதி வைக்கட்டும். அடுத்த மார்ச்சில் வசூல் சதவீதத்தை அறிவிக்கும்போது, கேட்பில் புதிதாகச் சேர்ந்த கட்டடங்கள் எத்தனை என்பதையும் முதல் வரியில் சொல்லட்டும்.