வழக்குச் சுட்டியும் கணினியும்

சட்ட நூலை நாடுவோர் முதற்கண் புரட்டுவது அதன் வழக்குச் சுட்டியையே. முன்னாளில் வழக்கொன்றுக்கு ஓர் அட்டையாக எழுதி, அகரவரிசையில் அடுக்கி, பக்க எண்களைக் கையாற் குறித்தனர். அச்சுப்படியில் ஒரு பத்தி கூடினும் எண்கள் பல பிழைபடும். இத்தொல்லையைக் கணினியின் சொற்செயலி பெரிதும் நீக்கியுள்ளது.

மைக்ரோசாஃப்ட் வேர்ட் என்னும் சொற்செயலியில் அதன் முறை எளிது. இரு நிரல்களையுடைய அட்டவணை ஒன்றைத் தனிக்கோப்பாக ஆக்குதல் வேண்டும். நூலிற் காணப்படும் மேற்கோள் முதல் நிரலிலும், சுட்டியில் அது தோன்றவேண்டிய வடிவம் இரண்டாம் நிரலிலும் அமையும். கணினி நூல் முழுவதையும் துருவி, உரிய இடந்தோறும் மறைகுறி ஒன்றைப் பதிக்கும். பின்னர்ப் பக்கங்கள் மாறினும், சுட்டியைப் புதுப்பித்த அளவில் எண்கள் திருந்திவிடும்.

ஆயினும், கணினி எழுத்தை அறியுமேயன்றி வழக்கை அறியாது. இதற்குக் கோடீஸ்வரன் வழக்கே தக்க சான்று. சிங்கள மொழித் தேர்ச்சி விதியினாற் சம்பள ஏற்றத்தை இழந்த தமிழ் அரசாங்க ஊழியர் தொடுத்த வழக்கு அது. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்கிட இயலாது என 1967 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு 'புதிய சட்ட அறிக்கைகள்' 70 ஆம் தொகுதியின் 121 ஆம் பக்கத்தில் உளது. 1969 இற் கோமறைக் கழகம் அதனை மாற்றி, வழக்கிடலாம் என்றது. அது 72 ஆம் தொகுதியின் 337 ஆம் பக்கத்தில் உளது. முன்னதில் மேன்முறையீட்டாளர் சட்டமா அதிபர், பின்னதிற் கோடீஸ்வரன். ஆதலின் கட்சிக்காரர் பெயர்கள் முன்பின்னாக மாறின. பெயரை மட்டும் நம்பிய சுட்டியில் இவை சகரத்திலும் ககரத்திலுமாகப் பிரிந்து நிற்கும். முன்னதை மட்டும் கண்ட மாணவன், மாற்றப்பட்ட தீர்ப்பையே நடைமுறைச் சட்டமெனக் கொள்வான்.

இதனைத் தவிர்க்கும் வழி, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் முதல் நிரலில் இட்டு, இரண்டாம் நிரலில் 'கோடீஸ்வரன் வழக்கு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் இரு தீர்ப்புகளையும் உட்தலைப்புகளாக அமைப்பதேயாம். மேற்கோள் நூல் முழுவதும் ஒரே வடிவில் எழுதப்படுதலும் வேண்டும். ஓர் இடைவெளி வேறுபடினும் கணினி அதனைக் காணாது கடந்துவிடும். 'மேற்படி வழக்கு' என வருமிடங்களை மனிதரே குறித்தல் வேண்டும்.

எண்ணுதல் பொறியின் தொழில். எவ்வழக்கு எதனை மாற்றியது என்று அறிதல் கற்றோர் கடன்.