கணிப்பொறிக்குள் ஓர் ஐந்தருவி

குற்றாலத்து ஐந்தருவியைக் காணாத தோழியர் நம்மில் இருக்க மாட்டார்கள். ஒரே நீரோட்டம் ஐந்தாகப் பிரிந்து விழுவதால், சாரல் காலத்தில் பலரும் ஒரே சமயத்தில் குளிக்க முடிகிறது. கணிப்பொறி நிரலும் இவ்வாறே தன் வேலையைக் கிளைகளாகப் பிரித்துக்கொள்ளும். கிளை ஒவ்வொன்றுக்கும் 'இழை' என்று பெயர். மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோகோ நிறுவனத்தார் மென்பொருள் எழுதி வருவதால், தென்காசிப் பிள்ளைகளாகிய நாம் இதை அறிந்திருப்பது நலம்.

இணையத்தில் ஒன்றைக் கேட்டால், பதில் வரும்வரை நிரல் சும்மா காத்திருக்கும். அந்நேரத்தில் வேறோர் இழை வேறொன்றைக் கேட்கலாம். இதில் ஆபத்து எங்கே?

தேர்வு முடிவை எடுத்துத் தரும் நிரல் ஒன்றைக் கற்பனை செய்வோம். கேட்பவர் யார் என்று காட்டும் சிறு சீட்டு ஒன்று ஒவ்வொரு வேண்டுகோளுடனும் செல்லும். அதைக் 'குக்கி' என்பர் (தின்பண்டம் அன்று!). எல்லா இழைகளும் சீட்டை ஒரே பெட்டியில் வைப்பதாகக் கொள்வோம். முதல் இழை ஒரு மாணவியின் சீட்டை வைத்து அனுப்புவதற்குள், இரண்டாம் இழை வேறொருத்தியின் சீட்டை அங்கே வைத்துவிடும். ஒருத்தியின் மதிப்பெண் மற்றவள் கைக்குப் போய்விடும். ஆயிரம் முறை சரியாக நடந்து ஒருமுறை மட்டும் தவறுவதால், சோதனையிலும் எளிதில் அகப்படாது.

இது வெறும் கற்பனை அன்று. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், 2021 பிப்ரவரி 8-க்கும் மார்ச் 5-க்கும் இடையே சில வேளைகளில், ஒருவருடைய உள்நுழைவு அடையாளம் வேறொருவருக்குப் போய்விட்டது. இழைகள் ஒரே தகவலைப் பகிர்ந்துகொண்டதே காரணம். பாதிப்பு 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் மார்ச் 8 அன்று பயனர் அனைவரையும் வெளியேற்றி, மீண்டும் உள்நுழையச் செய்தனர். அதுவே முறை என்பது எங்கள் கருத்து. சாவி யாரிடம் போயிற்று என்று தெரியாவிட்டால் பூட்டையே மாற்றத்தானே வேண்டும்?

இதற்குரிய மருந்தை ரயில்வேயில் காணலாம். செங்கோட்டை வழியே கொல்லம் செல்லும், 1904-இல் திறக்கப்பட்ட பாதையைப் போன்ற ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் 'டோக்கன்' முறை இருந்து வந்தது. இரு நிலையங்களின் டோக்கன் கருவிகளும் மின்சாரத்தால் இணைந்தவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை அடுத்தது வெளிவராது. டோக்கன் இல்லாத ரயில் நகராது. நிரலில் இதைப் 'பூட்டு' என்பர்.

ஆனால் இழைகள் யாவும் ஒரே பூட்டுக்காகக் காத்து நின்றால், ஐந்தருவி ஒற்றையருவி ஆகிவிடுமே! ஆகவே இழைக்கு ஒரு பெட்டி கொடுப்பதே மேல். பைத்தான் மொழியின் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தில் அப்பெட்டிக்கு 'செஷன்' என்று பெயர். அதை இழைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, இதுவரை எத்தனை முடிவுகள் வந்தன என்னும் பொதுக் கணக்கைப் போலப் பகிர்ந்தே தீரவேண்டியவற்றுக்கு மட்டும் பூட்டுப் போடலாம்.