‘அந்த மாதிரி’ வீடியோவைத் திருடினால் திருட்டு இல்லையா?

இந்த எபிசோடை ஹெட்போன் போட்டுக் கேளுங்க. கொச்சையாக எதுவும் பேசப் போவதில்லை. ஆனால் விஷயம் பெரியவர்களுக்கானது.

சினிமா பைரஸி பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் கேட்டிருந்தார்: “அண்ணா, அடல்ட் வீடியோவைத் திருடிப் போட்டா அதுவும் பைரஸியா? அதுக்கெல்லாம் காப்பிரைட் இருக்கா?” கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. உட்கார்ந்து படித்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

முதலில் நேர் பதில். இந்தச் சண்டை பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தை வைத்துத்தான் நடக்கிறது. அங்கே காப்பிரைட் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிட்செல் சகோதரர்கள் 1972-ல் ‘பிஹைண்ட் தி க்ரீன் டோர்’ என்று ஒரு அடல்ட் படம் எடுத்தார்கள். அனுமதி வாங்காத பிரதியை வைத்து அந்தப் படத்தை ஓட்டியவர்கள்மேல் டெக்சஸில் வழக்கு வந்தது. “இது ஆபாசப் படம், இதற்கு ஏது காப்பிரைட்?” என்று ஓட்டியவர்கள் தரப்பு வாதாடியது. 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபாசம் என்று சொல்லித் திருட்டிலிருந்து தப்பிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சரி, இன்றைக்கு வருவோம். அப்போது படம் எடுத்தவை கம்பெனிகள். 2016-ல் ஒன்லிஃபேன்ஸ் வந்த பிறகு தனி ஆட்களே எடுத்து, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். அந்தச் சந்தாதான் அவர்களுக்கு வாடகை, மளிகை எல்லாம். சந்தா கட்டிய ஒருவர் ஸ்க்ரீனை ரெக்கார்ட் செய்து இலவசத் தளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? விளம்பரக் காசு தளத்துக்குப் போகும், எடுத்தவருக்கு நஷ்டம். பணம் மட்டும் பிரச்சினை இல்லை. சந்தாதாரர்கள் மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்து எடுத்ததை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதற்கு அவர் கையில் இருக்கும் ஆயுதம்தான் டேக்டவுன் நோட்டீஸ். 1998-ல் வந்த டி.எம்.சி.ஏ. சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பயனர்கள் ஏற்றும் வீடியோவுக்காக, அது திருட்டு என்று தெரியாதவரை, தளத்தின்மேல் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்தால் தளம் அதை விரைவாக நீக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் என்று சட்டத்தில் கிடையாது, ‘விரைவாக’ அவ்ளோதான்.

நோட்டீஸில் ஆறு விஷயம் இருக்க வேண்டும். திருடுபோன படைப்பு எது, அது இப்போது எந்த முகவரியில் இருக்கிறது, உங்களைத் தொடர்புகொள்ள விவரம், இதற்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன் என்ற வாசகம், தகவல் சரி என்றும் நான் உரிமையாளர் சார்பில்தான் பேசுகிறேன் என்றும் ஓர் உறுதிமொழி, கடைசியாகக் கையெழுத்து. வக்கீல் தேவையில்லை. கட்டணமும் இல்லை. கேட்க ரொம்ப நன்றாக இருக்கிறது, இல்லையா?

சிக்கல் எங்கே என்றால், தேட வேண்டியது நீங்கள்தான். தளம் தானாகக் கண்காணிக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. பெர்ஃபெக்ட் 10 என்ற அடல்ட் புகைப்பட நிறுவனம் சிசிபில் மேல் தொடுத்த வழக்கில் 2007-ல் வந்த தீர்ப்பைப் பாருங்கள். அந்த நிறுவனம் பக்கம் பக்கமாக ஆவணங்கள் அனுப்பியிருந்தது. ஆனால் தேவையான விவரங்கள் ஒரே நோட்டீஸில் இல்லாமல் வேறுவேறு கடிதங்களில் சிதறிக் கிடந்தன. அது செல்லாது, துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்ப்பது தளத்தின் வேலை இல்லை என்றது நீதிமன்றம். ஒரு நிறுவனத்துக்கே இந்த நிலைமை. தனி ஆள் ஒருவர் இன்று பத்து லிங்க் நீக்கினால், நாளை அதே வீடியோ வேறு தலைப்பில் திரும்ப வரலாம்.

என்னை உலுக்கியது அடுத்த விஷயம். இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் புனைபெயரில்தான் இருக்கிறார்கள். வீட்டு முகவரி தெரிந்தால் யாராவது வாசலில் வந்து நிற்கலாம் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. நோட்டீஸோ தொடர்பு விவரம் கேட்கிறது. பல தளங்கள் அந்த நோட்டீஸை அப்படியே வீடியோ ஏற்றியவருக்கும் அனுப்பும். கூகுள் தனக்கு வரும் நோட்டீஸ்களின் பிரதியை லூமென் என்ற பொது ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கிறது. முகவரி, தொலைபேசி எண்ணை அங்கே மறைத்துவிடுவார்கள், ஆனால் அனுப்பியவர் பெயர் நிற்கும். அதாவது, திருடியவரின் பெயர் நமக்குத் தெரியாது, திருட்டுக் கொடுத்தவரின் பெயர் திருடியவர் கைக்குப் போகலாம்.

இதற்கு ஒரு வழி உண்டு. உரிமையாளர் அதிகாரம் கொடுத்த ஏஜென்ட் நோட்டீஸ் அனுப்பலாம் என்று சட்டமே சொல்கிறது. இதை மட்டுமே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. நோட்டீஸில் அவர்கள் பெயர் போகும். ஆனால் அதற்குக் காசு வேண்டும்.

ஏற்றியவர் எதிர் நோட்டீஸ் கொடுத்தால் இன்னொரு சிக்கல். உரிமையாளர் வழக்கு போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் வீடியோவைத் திரும்பப் போடலாம். அமெரிக்கப் படைப்பு என்றால், வழக்குக்கு முன் காப்பிரைட் பதிவு முடிந்திருக்க வேண்டும். இலவசமாக ஆரம்பித்த விஷயம் இங்கேதான் செலவுக் கணக்குக்குள் வருகிறது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. காப்பிரைட் பொதுவாக எடுத்தவருக்குத்தான், படத்தில் இருப்பவருக்கு இல்லை. தானே எடுத்தவர் உரிமையாளர். கம்பெனி படத்தில் நடித்தவருக்கு வழக்கமாக உரிமை கிடையாது. காதலன் எடுத்த வீடியோ என்றால், சட்டத்தின் கண்ணில் காதலன்தான் உரிமையாளர்! இந்தச் சட்டம் காப்பது சொத்தை, மனுஷனை இல்லை.

மறுபக்கமும் சொல்லணும். இந்தச் சட்டத்தை வைத்து மிரட்டியவர்களும் உண்டு. ப்ரெண்டா லா வழக்கில் இரண்டு வக்கீல்கள் அடல்ட் படங்களைத் தாங்களே பைரேட் தளத்தில் ஏற்றினார்கள். டவுன்லோட் செய்தவர்களுக்கு “பணம் கொடு, இல்லாவிட்டால் வழக்கில் உன் பெயர் வெளியே வரும்” என்கிற ரீதியில் கடிதம் போட்டார்கள். மானத்துக்குப் பயந்து பலர் கொடுத்துவிட்டார்கள். 60 லட்சம் டாலருக்கு மேல் வசூல். 2019-ல் ஒருவருக்கு 14 வருடமும் இன்னொருவருக்கு 5 வருடமும் சிறைத் தண்டனை கிடைத்தது. வெட்கம் எப்படிக் காசாகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்போ எதுதான் வேலை செய்தது? 2020 டிசம்பரைப் பாருங்கள். போர்ன்ஹப்பில் சிறார் வன்கொடுமை வீடியோக்களும் சம்மதமில்லாத வீடியோக்களும் இருப்பதாக நியூயார்க் டைம்ஸில் கட்டுரை வந்தது. ஒரு வாரத்துக்குள் விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிமாற்றத்தை நிறுத்தின. அடுத்த சில நாட்களில், அடையாளம் உறுதிசெய்யப்படாதவர்கள் ஏற்றிய வீடியோக்களை எல்லாம் தளம் முடக்கியது. சுமார் 1.3 கோடியாக இருந்தது 40 லட்சத்துக்கும் கீழே போனது. திருட்டுப் பிரதிகளும் கூடவே போயின. ஒவ்வொரு லிங்க்காக நோட்டீஸ் அனுப்பி யாரும் செய்ய முடியாததைக் கார்டு கம்பெனிகள் சில நாளில் செய்துவிட்டன. நோட்டீஸ் வீடியோவைத் தொடுகிறது, கார்டு கம்பெனி கல்லாப்பெட்டியைத் தொடுகிறது. வித்தியாசம் அதுதான்.

2025 மே மாதம் அமெரிக்காவில் ‘டேக் இட் டவுன்’ சட்டம் கையெழுத்தானது. சம்மதமில்லாமல் வெளிவரும் அந்தரங்கப் படங்களைப் புகார் வந்த 48 மணி நேரத்தில் நீக்க வேண்டும். ஏ.ஐ. போலிகளும் இதில் அடக்கம். ஆனால் உண்மையான படங்களைப் பொறுத்தவரை, அதன் குற்றப் பிரிவு, ஒருவர் விருப்பத்தோடு வணிக ரீதியாக வெளியிட்டவற்றுக்குப் பொருந்தாது. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்றும் பழைய நோட்டீஸ்தான் துணை.

நீங்கள் இந்தத் தொழிலில் இல்லை. ஆனால் உங்கள் தோழியின் படம் நாளை கசியலாம், உங்களுடையதும்தான். அப்போது காப்பிரைட்டை நம்பி உட்கார வேண்டாம். இந்தியாவில் 2021-ல் வந்த ஐ.டி. விதிகளின்படி, பாதிக்கப்பட்டவரே தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் தரலாம். நீக்க 24 மணி நேரம் என்று அந்த விதிகள் கெடு வைத்தன. யார் எடுத்தது என்பது அங்கே கேள்வியே இல்லை. ஸ்டாப்என்.சி.ஐ.ஐ. என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. 18 வயது தாண்டியவர்களுக்கானது. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகும், அது மட்டும் தளங்களுக்குப் போகும். படம் போனை விட்டு வெளியே போகாது.

நேயர் தம்பிக்குப் பதில்: ஆமாம், அதுவும் திருட்டுதான். அடுத்த தடவை ஏதாவது குரூப்பில் ‘லீக்டு’ என்று லிங்க் வந்தால், ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அதை நீக்க ஒருவர் தன் சொந்தப் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.